நீச்சல் மறந்த ஊருக்குத் திரும்பி வரும் தண்ணீர்

மேட்டுப்பாளையத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே பவானியில் தண்ணீர் ஏறும். ஆனியிலும் ஆடியிலும் நீலகிரியின் மேற்குச் சரிவுகளிலும் கேரள எல்லை மலைகளிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அந்த வெள்ளம் பில்லூர் அணைக்கு வந்து சேரும். அணையின் முழு உயரம் 100 அடி. நீர்மட்டம் 97 அடியை எட்டினால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். மழை இல்லாத மாதங்களிலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. மின் உற்பத்திக்கு இயந்திரங்களை ஓட்டினால் ஆற்றில் தண்ணீர் பெருகும், நிறுத்தினால் வடியும். முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தவர்கள், சாப்பிட்டு முடித்து எழும்போது திரும்பி வர வழி இருக்காது.

கொங்கு நாட்டின் நீரைப் பற்றிப் பேசுபவர்கள் இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே தானாக ஓடும் தண்ணீர் குறைவு. பவானிசாகர், பில்லூர், அமராவதி, ஆழியாறு, திருமூர்த்தி, மேட்டூர் என்று ஒவ்வோர் ஆற்றின் கழுத்திலும் ஓர் அணை இருக்கிறது. மேட்டூருக்குக் கீழே காவிரியில் மின்சாரத்துக்காக வரிசையாகக் கதவணைகள் கட்டியிருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால் தொடங்கிக் கீழ்பவானி வாய்க்கால் வரை வயலுக்குப் போகும் நீர் எல்லாம் மனிதன் திருப்பிவிட்ட நீர். ஆக, ஓரிடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்பதை வானம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எங்கோ நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒருவர் மதகைத் திருகுவதும் தீர்மானிக்கிறது. "நேற்றும் இங்கேதான் குளித்தோம்" என்ற அனுபவ அறிவு இந்த நீரிடம் செல்லுபடியாகாது.

கீழ்பவானி வாய்க்காலையே எடுத்துக்கொள்வோம். பவானிசாகரிலிருந்து புறப்பட்டு ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்கள் வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. வாய்க்கால் தொடங்கும் இடத்தில் முழு அளவு திறந்தால் விநாடிக்கு 2,300 கனஅடி. ஒரு கனஅடி 28 லிட்டருக்குச் சற்று மேல் என்று கணக்கிட்டால் விநாடிக்கு 65,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஐந்து ஒவ்வொரு விநாடியும் உங்களைத் தாண்டிப் போவதற்குச் சமம். மேலே பார்த்தால் சலனமே தெரியாது. பச்சைத் தண்ணீர், இரு பக்கமும் தென்னை, தூரத்தில் யாரோ துணி துவைக்கும் சத்தம். ஆற்றில் பாறையில் மோதி நுரைக்கும் நீர் தன் வேகத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். வாய்க்கால் நீர் காட்டிக்கொடுப்பதில்லை.

நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது மனிதனைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சாதாரணமாக நீந்தத் தெரிந்தவர் விநாடிக்கு ஒரு மீட்டர் முன்னேறுவதே அரிது. வாய்க்கால் அந்த வேகத்தில் ஓடினால், எதிர்த்து நீந்துகிறவர் நின்ற இடத்திலேயே கை சோர்ந்துபோவார். கரையைப் பிடிக்கலாம் என்றால் பக்கவாட்டுச் சரிவு வழுக்கும். சிமெண்ட் பூசிய பகுதிகளில் பாசி படிந்துவிட்டால் பிடிப்பதற்கு ஒரு புல்கூட இருக்காது. சர்க்கார்பதியிலிருந்து திருமூர்த்தி அணைக்குப் போகும் காண்டூர் கால்வாய் போன்றவற்றில் விழுந்த மாடுகூட ஏற முடியாமல் அடித்துப் போகப்படும். இவை போதாதென்று மதகுகள். கிளை வாய்க்காலுக்குத் தண்ணீர் பிரியும் மதகு நீருக்குள் மூழ்கியிருக்கும். அதன் வாயில் உள்ள இழுப்பு மேற்பரப்பில் தெரியாது. மதகுக்குப் பக்கத்தில் நீர் ஆழமாகவும் படிக்கட்டு வசதியாகவும் இருப்பதால் பையன்கள் குதிக்கத் தேர்ந்தெடுப்பதும் அந்த இடத்தைத்தான்.

வாய்க்காலில் விழுந்துவிட்டால் எதிர்த்து நீந்தக் கூடாது. மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசைக்கு நீட்டி மிதந்தபடி, சாய்வாகக் கரைப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போக வேண்டும். இருநூறு மீட்டர் தள்ளிக் கரையேறினாலும் கரையேறியதுதான்.

காலக் கணக்கும் நமக்கு எதிராகவே அமைந்திருக்கிறது. கீழ்பவானியில் முதல் போகத்துக்கு வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தண்ணீர் விடுவார்கள்; அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. இரண்டாம் போகத் தண்ணீர் ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை முறை வைத்து வரும். அதன் கடைசி நாட்கள் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் காலம். கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் அம்மாயி வீட்டுக்கு வருகிற பேரன் பேத்திகளுக்கு வாய்க்கால் என்றால் கொண்டாட்டம். ஊர்ப் பையனுக்கு எந்தப் படித்துறைக்கு எதிரே பள்ளம் என்று தெரியும். விருந்தாளிப் பையனுக்குத் தெரியாது. அவனிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று ஊர்ப் பையனுக்குத் தோன்றவும் தோன்றாது.

கோபி பக்கத்துக் கொடிவேரியில் வேறொரு சிக்கல். பவானியின் குறுக்கே கட்டிய தடுப்பணையின் மேல் வழியும் நீர் அருவிபோல விழும். அதன் அடியில் நின்று குளித்துவிட்டு, கரையில் சுடச்சுட மீன் வறுவல் சாப்பிடுவதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் கூடுகிறது (மீன் விஷயத்தில் கூட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை). ஆழம் குறைந்து, நீரும் குறைவாக வழியும்போது அது நல்ல இடம்தான். நீர் கூடினால் கதை மாறிவிடும். தடுப்பணையிலிருந்து விழும் தண்ணீர் அடிவரை பாய்ந்து, மேலெழுந்து, மேற்பரப்பில் திரும்பவும் அணையை நோக்கியே உருளும். அதற்குள் சிக்கியவரை அது வெளியே தள்ளாது. விழும் நீருக்கு அடியில் மறுபடி மறுபடி இழுத்துப் போடும். நுரையில் பாதி காற்று என்பதால் உடல் மிதப்பதும் கடினம். எந்தத் தடுப்பணைக்கும் கதவணைக்கும் இது பொருந்தும். உயரம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பது தவறு. நீர்வரத்து அதிகம் என்று நீர்வளத்துறை குளிக்கத் தடை போடும் நாளில், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று வேலியைத் தாண்டுவதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

கரூர், நாமக்கல் பக்கக் காவிரியில் சிக்கல் மணலில் இருக்கிறது. நீர் குறைந்த காலத்தில் ஆறு பாதி மணல்திட்டும் பாதி ஓடையுமாகக் கிடக்கும். நடந்தே கடக்கலாம் போலத் தோன்றும். மணல் அள்ளிய குழிகளும், வெள்ளம் குடைந்த மடுக்களும் அடியில் அப்படியே இருக்கும். கணுக்கால் அளவிலிருந்து அடுத்த எட்டில் ஆள் ஆழம். குழியின் விளிம்பு மணல் என்பதால் ஊன்றிய கால் சரியும். ஏற முயல ஏற முயல மணல் உள்ளேயே இழுக்கும். 2023 பிப்ரவரியில் கரூர் மாவட்டம் மாயனூரில் புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவிகள் நான்கு பேர் காவிரியில் மூழ்கி இறந்தார்கள். கால்பந்துப் போட்டிக்கு வந்த பிள்ளைகள். விளையாடி ஓடி உடல் உறுதியோடு இருந்தவர்கள். அவர்களுக்கு அந்த ஆறு புதிது.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு காலத்தில் நீச்சல் தெரியும். கிணறு கற்றுக்கொடுத்தது. கொங்கில் தோட்டத்துக் கிணறு என்றால் பாறையை வெட்டி எண்பது நூறு அடி இறக்கிய அகன்ற கிணறு. பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகள். பிள்ளையின் முதுகில் காய்ந்த சுரைப்புருடையையோ கற்றாழைத் தண்டையோ கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, மேலே ஒருவர் பிடித்துக்கொள்ள, மாமாவோ சித்தப்பாவோ தண்ணீருக்குள் இருந்து பழக்குவார்கள். நாள் போகப் போகச் சுரைப்புருடையைக் கழற்றிவிடுவார்கள். பயிற்சியாளர், மிதவை, பாதுகாப்புக் கயிறு, கண்காணிப்பு என்று நல்ல நீச்சல் பயிற்சிக்கு வேண்டிய அத்தனையும் அந்த ஏற்பாட்டில் இருந்தன. எல்லாருக்கும் இருந்தது என்று சொல்ல முடியாது. பெண் பிள்ளைகள் பல வீடுகளில் ஒரு வயதோடு நிறுத்தப்பட்டார்கள். சாதியின் பெயரால் கிணற்றுப் பக்கமே விடப்படாதவர்களும் இருந்தார்கள். அந்தக் கிணற்றை நினைத்து ஏங்குகிறவர்கள் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

பிறகு ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன. அவிநாசி, பல்லடம் பக்கம் ஆயிரம் அடிக்குக் கீழே துளை போட்டும் ஈரம் வராத நிலை. திறந்த கிணறுகள் வற்றின; பல குப்பைக்குழி ஆயின. கிணற்றோடு நீச்சலும் போனது. இன்று முப்பது வயதுக்குக் கீழே இருக்கும் பலருக்கு நீச்சல் என்பது நகரத்தில் கட்டணம் கட்டிச் சேரும் வகுப்பு.

ஆனால் தண்ணீர் திரும்பி வருகிறது. பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்தது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீர் 1.5 டிஎம்சியை இறைத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது திட்டம். நல்ல காரியம், நிலத்தடி நீருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. அதே நேரம், இந்தக் குளங்களில் பலவற்றில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடியிருக்கிறார்கள், ஆடு மேய்ந்திருக்கிறது, கருவேலமரம் வளர்ந்திருக்கிறது. வண்டல் மண் எடுக்கிறோம் என்று ஆங்காங்கே தோண்டிய குழிகளும் உண்டு. இப்போது அவற்றின் மேல் தண்ணீர் நிற்கிறது. நேற்றுவரை ஓடி விளையாடிய தரை என்பதால் பிள்ளைக்கு அங்கே பயமும் இல்லை. நீச்சலும் இல்லை.

இன்னொன்று பாறைக்குழி. கல் வெட்டி முடித்து அப்படியே விட்டுப்போன குவாரிகளைத் திருப்பூர்ப் பக்கம் அப்படித்தான் சொல்கிறார்கள். மழை நீர் தேங்கி நீலமாக, அழகாக இருக்கும். கரை என்று ஒன்று இருக்காது. விளிம்பிலிருந்து நேரே செங்குத்தாக இறங்கும். உள்ளே விழுந்தவர் காலூன்றவும் முடியாது, கைபிடிக்கவும் முடியாது. பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை குளியலும் துணி துவைப்பும் இங்கேதான். எச்சரிக்கைப் பலகை இருந்தால் தமிழில் இருக்கும். அதை இந்தியிலும் ஒடியாவிலும் எழுத எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

தண்ணீரில் தத்தளிப்பவர் கை தட்டிக் கூப்பிடுவார், அலறுவார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் அந்தக் கணத்தில் மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும். குரல் எழுப்ப இருக்காது. கைகள் தாமாகவே இரு பக்கமும் விரிந்து நீரை அழுத்திக்கொண்டிருக்கும். உயர்த்தி ஆட்ட முடியாது. தலை பின்னால் சாய்ந்து, உடல் செங்குத்தாக நிற்கும். பார்ப்பவருக்கு விளையாடுவதுபோலத் தெரியும். இது ஒரு நிமிடம்கூட நீடிக்காமல் முடிந்துவிடலாம். பத்து மீட்டரில் நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு எந்தச் சத்தமும் கேட்காது. மூச்சடக்கி எவ்வளவு நேரம் மூழ்கியிருப்பது என்று போட்டி வைக்கும் பையன்களுக்கு வருவது இன்னும் அமைதியான முடிவு. வேகவேகமாகப் பல முறை மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினால், மூச்சு வேண்டும் என்ற தவிப்பு வருவதற்கு முன்பே நினைவு போய்விடும். வலிப்பு நோய் உள்ளவர்கள் தனியாக நீரில் இறங்கவே கூடாது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுபவராக இருந்தாலும் சரி.

நம் ஊர்ச் செய்திகளில் ஒருவர் இறந்தார் என்பதைவிட இருவர், மூவர், ஐவர் என்று வருவதற்குக் காரணம் பாசம். 2023 அக்டோபரில் வால்பாறை சோலையாறு பகுதியில் கோவையிலிருந்து போன கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் ஒரே இடத்தில் உயிரிழந்தார்கள். ஒருவன் மூழ்கும்போது நண்பன் குதிக்கிறான், மூழ்குபவன் பதற்றத்தில் பிடிக்கும் பிடியில் அவனும் போகிறான், அடுத்தவன் குதிக்கிறான். தம்பியைக் காப்பாற்றப் போன அக்கா, மகனைக் காப்பாற்றப் போன தந்தை என்று இந்தச் சங்கிலி நீளும். நன்றாக நீந்துபவரையும் மூழ்குபவர் அழுத்திவிடுவார். ஏறி நிற்க ஏதாவது கிடைத்தால் போதும் என்ற நிலையில் இருக்கிறார் அவர்.

கரையில் நின்றே காப்பாற்றலாம் என்பதை 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டத்துக் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூன்று பெண்கள் காட்டினார்கள். குளிக்க வந்த இளைஞர்கள் நால்வர் மூழ்கியபோது, கட்டியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசி இருவரை இழுத்துக் கரைசேர்த்தார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. விருதைவிட அந்த முறையை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். சேலை, வேட்டி, துண்டுகளை முடிந்த கயிறு, மூங்கில், தென்னை மட்டை, மூடி இறுக்கிய காலித் தண்ணீர்க் கேன், லாரி டியூப் என்று கைக்கு எது வருமோ அது. வீசும்போது குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும், அல்லது பின்னால் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இழுபட்டு உள்ளே போகாமல் இருக்க அதுதான் வழி. கூடவே ஒருவர் 112-க்கோ 108-க்கோ அழைக்க வேண்டும்.

வெளியே எடுத்த பிறகு நடப்பவற்றில் பாதி வீண் வேலை. தலைகீழாகத் தூக்குவது, தோளில் போட்டு ஓடுவது, வயிற்றை அழுத்துவது, சுற்றிவிடுவது எல்லாம் நேரத்தைத் தின்பவை. வயிற்றை அழுத்தினால் உள்ளே இருப்பது வாந்தியாக மேலெழுந்து மூச்சுக்குழாயை அடைக்கும். மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டிப் புதைத்தால் உயிர் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பச்சைப் பொய். அதை நம்பி உடலை உப்பில் வைத்துக் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. நீரில் மூழ்கியவருக்குத் தேவை காற்று. மூளை ஆக்சிஜன் இல்லாமல் தாங்குவது சில நிமிடங்கள்தான். மூச்சு இல்லையென்றால் கெட்டியான தரையில் மல்லாத்தி, நெற்றியைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை ஊத வேண்டும். நெஞ்சு உயர்வது தெரிய வேண்டும். பிறகு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தம், இரண்டு மூச்சு, மறுபடி 30. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல். மாரடைப்புக்குச் சொல்லித்தருவதுபோல வெறும் அழுத்தம் மட்டும் இங்கே போதாது. இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலில் புகுந்த நீரின் கெடுதல் சில மணி நேரம் கழித்தும் தலைதூக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி 2021-ல் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இந்தியாவில் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2022-க்குப் பதிவு செய்த எண்ணிக்கை 38,000-க்கு மேல். சிறு குழந்தைகள் ஆற்றுக்குப் போவதில்லை. வீட்டுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாளோ வாரத்துக்கு ஒருமுறையோ வரும் ஊர்களில் டிரம், தரைத்தொட்டி, சிமெண்ட் தொட்டி இல்லாத வீடு கிடையாது. தவழும் குழந்தைக்குப் பாதி நிறைந்த வாளியே போதும்: தலை பாரம், குப்புற விழுந்தால் தூக்க வலு இல்லை. மூடி போட வேண்டியது தொட்டிக்கு மட்டுமல்ல. தோட்டத்துப் பண்ணைக்குட்டைக்கும் வேலி வேண்டும். பிளாஸ்டிக் விரித்த குட்டையின் சரிவில் பெரியவர்களாலேயே ஏற முடியாது.

வங்கதேசத்தில் இதற்கு எளிய வழி கண்டார்கள். தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் காலை ஒன்பது முதல் பகல் ஒன்று வரை கிராமத்துச் சிறு குழந்தைகளை ஒரு வீட்டில் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்தினார்கள். மூழ்கிச் சாகும் குழந்தைகளின் எண்ணிக்கை பெருமளவு விழுந்தது. விசைத்தறியிலும் பனியன் கம்பெனியிலும் தாய் தந்தை இருவரும் வேலை பார்க்கும் நம் ஊர்களில் அங்கன்வாடி ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கும் அங்கே இடம் தேவை. தறிக்கூடத்து நேரத்தோடு அதன் நேரமும் ஒத்துப்போக வேண்டும்.

நீச்சலுக்கும் பெரிய குளம் கட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இருபத்தைந்து மீட்டர் நீந்தவும், ஒரு நிமிடத்துக்கு மேல் மல்லாந்து மிதக்கவும், கரையிலிருந்து கயிறு வீசவும் தெரிந்தால் பெரிய கவலை தீரும். இன்னும் நல்ல நீர் இருக்கும் கிணறு ஏதாவது ஒவ்வோர் ஒன்றியத்திலும் கிடைக்கும். கரைச்சுவர் கட்டி, மின்மோட்டார் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பழகியவர் மேற்பார்வையில் சனி ஞாயிறு திறந்தால் அது பள்ளிக்கூடம் ஆகிவிடும். இந்த முறை எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும், பெண் பிள்ளைக்கும்.

மேட்டுப்பாளையம், பவானி கூடுதுறை, கொடுமுடி, மோகனூர் போன்ற இடங்களில் நீர் திறப்பதற்கு முன் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள், ஆடிப்பெருக்கு அன்று தடுப்பும் கட்டுகிறார்கள். ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் அந்தத் தடுப்பு இருக்காது. ஆற்றுத்துறைக்கு இருக்கும் அந்த ஒருநாள் கவனமும் வாய்க்கால் பாலங்களுக்கும் குட்டைகளுக்கும் இல்லை. பாலத்துக்குப் பாலம் ஒரு கயிறும் ஒரு லாரி டியூபும் தொங்கவிடலாம். சிமெண்ட் பூசிய வாய்க்கால் கரைகளில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு ஏணிப்படி பதிக்கலாம். மதகுக்கு மேல்பக்கம் நீரின் குறுக்கே மிதவை கட்டிய வடம் ஒன்று இழுத்துக் கட்டினால் அடித்து வருகிறவர் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைக்கும். அத்திக்கடவு அவிநாசித் திட்டத்துக்குச் செலவான தொகை 1,900 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் குளங்களில் நீர் இறங்கியிருக்கும் கோடையில் மண் எடுத்த குழிகளின் விளிம்பைச் சரித்துவிடவும், ஆழம் காட்டும் கம்பம் ஒன்று நடவும் ஊராட்சிக்கு வேண்டியது ஒரு பொக்லைன் இயந்திரத்தின் சில மணி நேர வாடகை.